பதிலுக்கு வந்த இருமல்

நாணலுக்குள்ளிருந்து வந்த பதிலில் ஓர் இருமல் இருந்தது.

ரொவீனா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, இடுப்பு வரை ஏறிய ரப்பர் பூட்ஸுக்குள் வேர்வை வழிய, முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றாள். சூரியன் அப்போதுதான் யூக்கலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. சேறும் எச்சமும் அழுகிய மீனும் கலந்த வாடை. கொசு ரீங்காரம். தூரத்துக் கூடுகளில் ஓயாமல் கத்தும் அரிவாள்மூக்கன் குஞ்சுகள்.

ஒன்றுக்கும் இன்னும் பறக்கத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றிலிருந்து இந்தச் சதுப்புக்கு வரும் தண்ணீரை இன்றோடு நிறுத்திப் பருத்திக் காட்டுக்குத் திருப்ப வேண்டுமாம். மதகை மூடினால் இங்கே தண்ணீர் இறங்கும். இறங்கினால் தாய்ப்பறவைகள் குஞ்சுகளை அப்படியே போட்டுவிட்டு ஒரே மூச்சில் கிளம்பிவிடும். போன வறட்சியில் செத்த குஞ்சுகளை மூட்டை மூட்டையாக அள்ளியது அவள்தான். இன்னொரு முறை அள்ள அவள் முதுகில் தெம்பில்லை.

மிச்சமிருந்த ஒரே வழி பெருங்குருகு. அந்த அரிய பறவை ஒன்று இங்கே இருப்பதாகத் தெரிந்தால் மதகைச் சட்டப்படி தொட முடியாது. ஆனால் கண்ணில் படாது. கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்கு உயர்த்தி, காற்றில் நாணலோடு நாணலாக ஆடிக்கொண்டே நிற்கும். அதனால் அதன் குரலைப் பதிவிலிருந்து மூன்று முறை ஒலிக்கவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதுவது போல ஒரு 'ஊம்ம்'. பறவை இருந்தால் பதில் வரும்.

அந்தப் பதிவை எடுத்தவன் அவளோடு வேலை செய்யும் டெஸ். கடைசியில் அவனுடைய சிகரெட் இருமலும் விழுந்துவிட்டது. யாரும் அதை வெட்டவில்லை.

இப்போது நாணல் சொன்னது: ஊம்ம். ஊம்ம். ஊம்ம். பிறகு அதே இருமல்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "டெஸ், நாணலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு விளையாடறியா? நான் இருக்கற அலுப்புல உன்னைச் சேத்துல அமுக்கிருவேன்."

"நான் மதகுகிட்ட நிக்கறேன் பாஸ். கொசு சதையைத் தின்னு முடிச்சு எலும்புக்கு வந்துடுச்சு." அவன் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மதகு பத்து கிலோமீட்டர் தள்ளி. "குருகு பதில் சொல்லுச்சா? இருட்டறதுக்குள்ள மூடச் சொல்லி மேல இருந்து விடாம போன். மூடட்டுமா, வேணாமா?"

குஞ்சுகள் கத்தின.

அது குருகு இல்லை. அவளுக்குத் தெரியும்.

"மூடாதே," என்றாள். "இருக்கு."

"அட! பீர் என் செலவு பாஸ்."

பொத்தானை விட்டாள். குஞ்சுகளின் சத்தம் சட்டென்று நின்றது. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான இறக்கைகள் ஒரே மூச்சில் எழும்பி, மேற்கே போய், ஓய்ந்தன. கூடுகளில் ஒரு தாய்கூட மிஞ்சவில்லை. தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. "பாஸ், வாக்கி டாக்கில சொன்னே, சரி. அப்புறம் எதுக்கு இங்க வந்து நாணலுக்குள்ள நின்னுக்கிட்டு 'மூடாதே, இருக்கு'ன்னு கத்தறே? எப்ப வந்தே நீ?"

"டெஸ். வண்டில ஏறு."

"மூணு தடவை கத்திட்டே. எனக்கு இருமல்தான், காது செவிடில்ல." சிரித்தான். "இரு, டார்ச் எடுத்துட்டு வரேன்."

"போகாதே. டெஸ்!"

கரகரப்பு. தண்ணீர் விழும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

"டெஸ்?"

"இரு, டார்ச் எடுத்துட்டு வரேன்."

குரல் கையிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால். அவளுக்கும் கரைக்கும் நடுவே.

"இரு, டார்ச் எடுத்துட்டு வரேன்."

திரும்பினாள்.

"இரு, டார்ச் எடுத்துட்டு வரேன்."

இருமல்.

காற்று இல்லை. நாணல் அசையவில்லை.

ஒன்று மட்டும் ஆடியது. ஆள் பருமன். கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்திருந்தது. மெல்ல, இப்படியும் அப்படியும், இல்லாத காற்றுக்கு.