பொருந்தாத முகம்

விடுமுறை நாளில் சர்வர்கள் சும்மா கிடக்கும். கட்டடத்தில் ஆளில்லை, கதவு திறப்பாரில்லை. ஆனால் அன்று மாலை சர்வர் அறையின் மின்விசிறிகளெல்லாம், மூச்சுவாங்க மாடியேறுகிறவனைப் போல இரைந்துகொண்டிருந்தன. சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, அவற்றைச் சரிபார்க்க வந்த அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

வாரம் முழுக்கத் தூக்கம் கெட்ட கண்கள் மணல் கொட்டியதுபோல் எரிந்தன. திரையில் பிராசஸரின் சுமை உச்சத்தில் நின்றது. எந்த புரோகிராம் அதைத் தின்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தாள். முதலிடத்தில், முகம் பார்த்துக் கதவு திறக்கும் புரோகிராம்.

போன் அதிர்ந்தது. கணவன்.

"வாசல்லதான் கார்ல நிக்கிறோம். பாப்பாவுக்கு உடம்பு அனலா கொதிக்குது. டாக்டர் கிளம்பிடப்போறாரு."

"இதோ வந்துட்டேங்க. மெஷின் ஒண்ணு அடம் பிடிக்குது."

"பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ."

"அதுவும் உங்களை மாதிரிதான். ஒரே குறட்டை."

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அந்த புரோகிராமின் பதிவுகளைத் திறந்தாள். ஒரே வரி அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயல்கிறது. முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயல்கிறது. ஒரே முகத்தை ஓயாமல் ஒப்பிட்டு ஒப்பிட்டே சர்வர் களைத்துப்போயிருந்தது.

எந்தக் கேமரா? இந்த அறைக் கதவின் மேல், உட்பக்கம் பார்த்து இருப்பது.

திரும்பினாள். மூடிய கதவு. அதன்மேல் பச்சை விளக்குகளின் மினுக்கல். வேறொன்றுமில்லை.

லென்ஸில் தூசி என்று தீர்மானித்தாள். துடைக்க ஏணி வேண்டும். ஏணிக்கு ஸ்டோர் சாவி வேண்டும். அலுத்துப்போனவர்கள் செய்வதையே அவளும் செய்தாள். எவ்வளவு பொருந்தினால் கதவைத் திறக்கலாம் என்ற அளவை மளமளவென்று கீழே இறக்கினாள். ஏறத்தாழ இருந்தால் போதும். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இரைச்சல் சட்டென்று அடங்கியது. காதடைத்தது போன்ற அமைதி.

க்ளிக்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. வாசலில் யாருமில்லை. மெல்ல மூடிக்கொண்டது.

திரையில் புதிய வரி. 'அடையாளம் தெரிந்தது.' பக்கத்தில் புகைப்படம். அவளுடையது.

அடுத்த வரி. வராந்தாக் கதவு. அவள் படம். அடுத்து, லிஃப்ட் கூடம். அவள் படம். பிரதான வாசல்.

ஓடினாள். கதவின்முன் முகத்தை நீட்டினாள். சிவப்பு விளக்கு. 'இவர் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்.'

கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, கார் கதவை லாக் பண்ணுங்க! உடனே கிளம்புங்க!"

"ஹலோ, யாரும்மா நீங்க? இது என் வொய்ஃப் போனாச்சே. மறந்து வெச்சுட்டு வந்துட்டா போல. இதோ, அவ கார்ல ஏறிக்கிட்டிருக்கா..."

"நான்தாங்க! நான்..."

இணைப்பு அறுந்தது.

வாசல் கேமராவைத் திரையில் இழுத்தாள். கார். தானாகத் திறந்த பின்கதவு. வெற்றுக் காற்றில், ஆள் உயரத்தில், ஒரு முகத்தைக் கண்டால் கேமரா சுற்றிப் போடும் பச்சைக் கட்டம். அதன் கீழே அவள் பெயர்.

பின் சீட்டிலிருந்து குழந்தை, தூக்கிக்கொள்ளச் சொல்லி, அதை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.