அடைச்சூடு

பெட்டியின் ஒரு மூலை மட்டும் சூடாக இருந்தது.

விமான இருக்கையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே அடைவைக்க எடுத்த இருபத்து நான்கு முட்டைகள், தவிட்டில் புதைத்து, கூர்முனை கீழாக. சில்லென்று இருக்கும்வரை உள்ளே கரு உறங்கும். சூடு பட்டால் விழித்துவிடும். காலையில் குளிரறையிலிருந்து எடுத்து அவளே கைப்பட அடுக்கியிருந்தாள்.

சோதனையிடத்தில் பெட்டி குளிர்ந்துதான் இருந்தது. “எதுக்கும்மா இவ்வளவு முட்டை?” என்றார் சீருடைக்காரர்.

“பொரிக்கத்தான் சார்.”

“பொரிக்கவா? எண்ணெய்ச்சட்டி எங்க?”

அவளும் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

மூன்று நாளுக்கு முன், கொளுத்தும் பகலில் மின்சாரம் போய் கொட்டகையின் விசிறிகள் நின்றன. ஜெனரேட்டரைப் போட வேண்டியவள் அவள். கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது, அக்கா பதினெட்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த கோழியினம் முழுவதும் வெந்து கிடந்தது. அக்கா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளிரறையில் எஞ்சிய முட்டைகளை வெளியூர்ப் பொரிப்பகத்தில் சேர்த்துவிட்டால் இனம் பிழைக்கும். அக்காவின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கலாம்.

அக்காவைக் கைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, இருபத்து மூணுதான் இருந்துச்சு. ஒரு குழி காலியா இருக்கேன்னு, கடைசிக் கூட்டுல இருந்த அடைக்கோழிக்கு அடியிலேர்ந்து ஒண்ணு எடுத்தேன். அது சூடா இருக்குக்கா.”

“எந்த அடைக்கோழி?”

“செவலைதான். அது மட்டும் பொழச்சிருக்குக்கா. கைய விட்டா கொத்துமே, இன்னிக்குக் கொத்தவே இல்ல. கண்ண முழிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு.”

மறுமுனையில் வாளியைக் கீழே வைக்கும் சத்தம்.

“அடியே, செவலையும் அன்னைக்கே போயிடுச்சுடி. மூணு நாளா விறைச்சுக் கெடக்கு. அத மட்டும் தூக்கிப்போட எனக்கு மனசு வரல.”

“இல்லக்கா, அடியில சூடா...”

“மேடம், போனை ஆஃப் பண்ணுங்க,” என்றாள் பணிப்பெண். “பெட்டிய சீட்டுக்கு அடியில வைங்க.”

விமானம் மேலேறியதும் பெட்டியை மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டாள். சன்னல் மூடிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எஞ்சினின் ஓயாத இரைச்சலுக்கும், சூடேற்றிய சாப்பாட்டின் வாடைக்கும், பக்கத்து இருக்கைக்காரரின் மெல்லிய குறட்டைக்கும் அடியில், இன்னொரு வாடை இருந்தது. காய்ந்த இறகும் வெந்த புழுதியும் கலந்த, அன்று கொட்டகைக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அதே வாடை. அந்த ஒரு முட்டையை மட்டும் எடுத்துவிடலாம். விரல் பெட்டியின் மூடிவரை போனது. விடியலிருட்டில் இறகுகளுக்கு அடியே விட்ட அதே விரல். தொட்ட வயிறு கல்லாக இருந்ததை விரல் அப்போதே அறிந்திருந்தது. அவள்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

கொக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கொக்... கொக்.

குஞ்சின் குரல் இல்லை. பொரிக்கும் நாளில், ஓட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தாய்க்கோழி தாழ்ந்த குரலில் கூப்பிடுமே, அந்தக் குரல். அது சூடான மூலையிலிருந்து வந்தது. முட்டைக்குள்ளிருந்து.

கீச்.

எதிர்மூலையிலிருந்து. பிறகு நடுவிலிருந்து. பிறகு எல்லாவற்றிலிருந்தும்.

அடையே வைக்காத முட்டைகள்.

யாரும் கேட்டுவிடக் கூடாது. பிடுங்கிக்கொள்வார்கள். துப்பட்டாவைப் பெட்டிமேல் போர்த்தினாள். அதன்மேல் குனிந்தாள். நெஞ்சை மூடியில் பதித்தாள். இரு கைகளையும் அகல விரித்து அணைத்தாள்.

சத்தம் அடங்கியது.

சூடு பரவியது. மூலையிலிருந்து மூலைக்கு. அவளிடமிருந்து அதற்கு.

முதலில் விரல்கள் குளிர்ந்தன. பிறகு முழங்கை. பிறகு கழுத்து.

எழ நினைத்தாள். எழவில்லை.

இறங்கும் நேரத்தில் பணிப்பெண், தூங்குகிறாள் என்று நினைத்துக் கடந்துபோனாள். சக்கரங்கள் தரையைத் தொட்டன. கதவு திறந்தது. எல்லாரும் இறங்கினார்கள்.

“மேடம்? இறங்கலையா?”

பணிப்பெண் திரும்பி வந்து அருகில் நின்றாள்.

“மேடம், பெட்டிய நான் பிடிச்சுக்கட்டுமா?”

பணிப்பெண் குனிந்து, துப்பட்டாவை விலக்கி, அவளுடைய நெஞ்சுக்கும் மூடிக்கும் நடுவே மெல்லக் கையை விட்டாள்.

“அம்மாடி, என்ன சூடு!”

பெட்டியை அணைத்திருந்தவள் கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொத்தவில்லை.