சீட் நம்பர் 47

போன் அலறியது.

நட்டநடுச் சாலை. முன்னால் நூறு பைக். பின்னால் இருநூறு. சைகானின் பதினொரு மணி வெயில் தலையில் இருந்த ஹெல்மெட்டை இட்லிச் சட்டியாக்கிக் கொண்டிருந்தது.

துயென் இயர்போனைத் தட்டினாள். வயது இருபத்தாறு. 'தங்கத் தும்பி டூர்ஸ்' கம்பெனியில் ஆறு வருஷமாக கைடு. வெளிநாட்டுக்காரர்களை பைக்கின் பின்னால் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவது வேலை. வாயை மூடி வைத்துக்கொள்வது அவளுக்கு வராத வேலை.

"சொல்லுங்க லோவான் அக்கா."

லோவான்... கம்பெனி முதலாளி.

"துயென்... உன் பின்னாடி உட்கார்ந்திருக்கறது யாரு?"

"என்னக்கா கேள்வி இது? மிஸ்டர் மோரி. ஜப்பான்காரர். நீங்கதானே அனுப்பி வச்சீங்க?"

"அந்த மிஸ்டர் மோரி இங்க என் எதிர்ல உட்கார்ந்து ஓன்னு அழுதுகிட்டிருக்காரும்மா!"

சிக்னல் பச்சையானது. துயென் நகரவில்லை. பின்னால் இருநூறு ஹாரன்கள் அவளுடைய வம்சத்தையே திட்டின.

"அப்ப... இது யாருக்கா?"

"திருடன்! ரெண்டு மாசமா நம்ம கஸ்டமருங்க ஊர் சுத்தப் போற நேரமாப் பாத்து ஹோட்டல் ரூம்ல நகை களவு போகுதே... அவன்தான்! மோரியை பாத்ரூம்ல போட்டுப் பூட்டிட்டு, அவர் பேரைச் சொல்லி உன் வண்டில ஏறிட்டான். கையில கத்தி இருக்காம்!"

துயெனின் முதுகு தானாக விறைத்தது. கத்திக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு மெல்லிய காட்டன் சட்டை!

"ஐயையோ... நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டுடறேங்க்கா!"

"பைத்தியமே! ஸ்டேஷன் பக்கம் திருப்பினா அங்கயே சொருகிடுவான். நான் சொல்றதைக் கேளு. வாயைத் திறக்காத. சரின்னு மட்டும் சொல்லு."

"அவனுக்கு நம்ம பாஷை ஒரு மண்ணும் தெரியாதுக்கா! காலைலேர்ந்து நன்றிங்கற ஒரு வார்த்தையை நாலு விதமா கொலை பண்றான். வாடின முள்ளங்கி மாதிரி மூஞ்சி... இவன் திருடன்னா நம்பவே முடியல!"

"சரின்னு மட்டும் சொல்லுடி!"

"சரி."

"வழக்கமா போற பழைய குடியிருப்புக்குப் போ. வண்டியைக் கீழ தாம் சித்தப்பாகிட்ட நிறுத்து. டோக்கனை கரும்பு ஜூஸ் கடைக்காரிகிட்ட குடு. அவனை மூணாவது மாடி காபி கடைக்குக் கூட்டிட்டுப் போயிடு. ஸ்பேர் சாவியோட ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கறேன்."

"வண்டியை எதுக்குக்கா? என்னை எடுத்துக்கிட்டுப் போக ஆள் அனுப்புங்க!"

"உன்னையும்தான்... முதல்ல வண்டி! வண்டி பத்திரம் துயென்!"

லைன் செத்தது.

துயென் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் இருந்த மிஸ்டர் மோரி பல் தெரியச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அழுகைக்கு ஒரு நூல் குறைவான சிரிப்பு.

*

பழைய குடியிருப்பின் வாசலில் ஐம்பது வண்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. வண்டிகளுக்குக் காவல் இருக்கும் தாம் சித்தப்பா காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தார். சீட்டின் மேல் '47' என்று எழுதினார். அதே நம்பர் போட்ட டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார்.

"என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி இருக்க?"

"வெயில் சித்தப்பா... வெறும் வெயில்!"

"மேல போய் காபி குடிக்கலாம் சார்" என்று ஜூஸ் கடைப் பக்கம் ஓரடி வைத்தாள்.

"காபி... வேண்டாம்." மோரி தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். "வண்டி... போகலாம்."

"சார், நல்ல காபி சார்... ஐஸ் போட்டு..."

"போகலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பினார். வண்டியருகே போனார். உள்ளங்கையால் சீட்டை 'சரக், சரக்' என்று இரண்டு தடவை துடைத்தார். கையைத் தொடையில் தட்டிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார்.

துயென் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆறு வருஷம். ஆயிரக்கணக்கான வெளிநாட்டுக்காரர்கள். ஒருத்தராவது சாக்பீஸ் நம்பரைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததுண்டா? கிடையவே கிடையாது! ஒரு ஜெர்மன்காரர் பேன்ட்டின் பின்னால் 112-ஐ ஒட்டிக்கொண்டு மியூசியம் முழுக்கச் சுற்றினார். கைடுகள் எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

யோசிக்காமல் கை நீட்டித் துடைக்கிறவன் சைகான்காரன் மட்டும்தான். பல் தேய்க்கிற மாதிரி, கையில் ஊறிப்போன பழக்கம்.

அப்படியானால்... இவன் ஜப்பான்காரன் இல்லை!

அப்படியானால்... அவள் போனில் பேசியதெல்லாம் இவனுக்குப் புரிந்திருக்கிறது!

போலீஸ் ஸ்டேஷன்... திருடன்... முள்ளங்கி!

ஓரடி பின்வாங்கினாள். இருந்தாலும் வாய் சும்மா இருந்தால்தானே?

"அண்ணே..." என்றாள் வியட்நாமிய மொழியில். "நீங்க எந்தப் பேட்டை?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு தன் வெள்ளை உள்ளங்கையைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"நாலாவது வட்டாரம்மா, தங்கச்சி. கால்வாய் ஓரம்." அச்சு அசல் சைகான் பேச்சு! "ஒரு மாசம் ஜப்பான்காரன் மாதிரி குனிஞ்சு கும்பிடப் பழகினேன். இந்தக் கை காட்டிக் குடுத்துடுச்சே!"

"கத்திடுவேன்..."

"கத்தாத." பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். "கேப்டன் வின். குற்றப் பிரிவு."

"க... கத்தி?"

"காலைல நீ வாங்கிக் குடுத்த ரொட்டில ஒரு மிளகாய் இருந்துச்சு பாரு... அதைவிடக் கூர்மையா என்கிட்ட எதுவும் இல்ல. அப்புறம், நான் வாடின முள்ளங்கியா?"

"சார்... நல்ல முள்ளங்கி சார்."

"சீட்டைத் தூக்கு."

தூக்கினாள். மழைக்கோட்டு. அதன் கீழே, சோலோன் பேட்டை மருந்துக் கடையில் கொடுத்துவிடச் சொல்லி லோவான் அக்கா காலையில் தந்த இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம். வாரம் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான்.

வின் ஒரு மூலையைப் பிரித்தார்.

முத்து மாலை. இரண்டு கைக்கடிகாரம். வெயிலில் கண்ணைக் குத்திய ஒரு வைர மோதிரம்!

"இஞ்சி மிட்டாய் ரொம்ப மினுக்குது."

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்! அக்கா குடுத்தாங்க, நான் வாங்கி வச்சேன்!"

"களவு குடுத்த நாலு பேர்ல மூணு பேர் உன் பின்னாடி உட்கார்ந்து ஊர் சுத்தினவங்க. உன்னைப் பிடிக்கத்தான் நான் மோரியா வந்தேன்."

"என்னையா?!"

"ரூம் எப்ப காலியா இருக்கும்னு உனக்குத்தானே தெரியும்?"

"யாரு எப்பக் கிளம்பணும், எப்பத் திரும்பணும்னு எழுதறது லோவான் அக்கா சார்! நான் வெறும் டிரைவர்!"

வின் தாடையைச் சொறிந்தார். "என் ஹோட்டல் ரூம்லயும் ஒரு பெட்டி வச்சிட்டு வந்தேன். உள்ள ரெண்டு செங்கல். இந்நேரம் எவனோ திறந்து பாத்துட்டு உங்க அக்காவுக்கு போன் போட்டிருக்கான். மோரி போலீஸுன்னு தெரிஞ்சதும், பொட்டலத்தை என் பக்கத்துலேர்ந்து நகர்த்தணும்னு இந்தக் கதையெல்லாம்!"

துயெனுக்குச் சுருக்கென்றது. வண்டி பத்திரம் என்றாளே! கத்திமுனையில் இருக்கிற மனுஷியை விட்டுவிட்டு வண்டியைப் பற்றி மூன்று தடவை பேசினாளே! ஆறு வருஷம் அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டதை நினைத்துக் கண் கலங்கியது.

"ஆனா ஒண்ணு," என்றார் வின். "பொட்டலம் இருந்தது உன் சீட்டுக்குக் கீழ. அவங்க எனக்குத் தெரியவே தெரியாதுன்னு கை விரிச்சா, சாயங்காலம் விலங்கு உனக்குத்தான். எடுக்க வர்ற ஆளைப் பாக்கணும். பொட்டலத்தை உள்ளயே வச்சு, வண்டியை அப்படியே விடு."

மறுபடி நிறுத்தினார்கள்.

தாம் சித்தப்பா கொதித்துவிட்டார். "இப்பத்தான் எழுதினேன்! அதைத் துடைச்சுட்டு, உடனே மறுபடி நிறுத்தறீங்க! என்ன விளையாட்டா இருக்கா?"

சாக்பீஸைத் தேநீரில் முக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு, சீட் முழுக்க, விரல் தடிமனில் '47' போட்டார்.

"இப்பத் துடைச்சுப் பாருங்கடா!"

டோக்கன் ஜூஸ் கடைக்குப் போனது. இருவரும் மூன்றாவது மாடிக்கு.

*

பத்தாவது நிமிஷம் வந்தாள்.

தலை மறைத்த ஜாக்கெட். மூக்கு மறைத்த மாஸ்க். கண் மறைத்த கறுப்புக் கண்ணாடி. கையுறை. வெயிலுக்குப் பயந்த சைகான் பெண்கள் எல்லோரும் போடுகிற அதே வேஷம்! டோக்கனை நீட்டினாள். தொப்பென்று ஏறி உட்கார்ந்தாள். பறந்தாள்.

"ஓடு!" என்றார் வின்.

மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்தபோது, எதிரே ஒரே மாதிரி ஜாக்கெட், ஒரே மாதிரி மாஸ்க், நூறு பெண்கள், நூறு பைக்!

"எது அவ?"

"சார்... எல்லாமே அவ மாதிரிதான் இருக்கு சார்!"

அரை மணி கழித்து ரோந்துக்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. தங்கத் தும்பி ஆபீஸுக்கு நாலு சந்து தள்ளி, வண்டி அநாதையாக நின்றது. சீட்டுக்குக் கீழே மழைக்கோட்டு மட்டும்.

வின்னின் முகம் தொங்கிவிட்டது. "பொட்டலமும் போச்சு. சாட்சியும் இல்ல. மன்னிச்சுக்கம்மா... கணக்குப்படி இப்ப என் கையில இருக்கறது நீ மட்டும்தான்."

துயென் குனிந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீரில் குளித்த அந்தத் தடித்த '47' இப்போது வெளிறிப்போயிருந்தது. யாரும் கையால் துடைத்த தீற்றலே இல்லை.

திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னம்மா... பயத்துல கழண்டுடுச்சா?"

"ஆபீஸுக்கு வாங்க சார். நடந்தே போயிடலாம்."

*

ஏசி அறையில் லோவான் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பொன் சரிகைச் சட்டை, கறுப்புப் பட்டு பேன்ட்.

அழுகிற மோரி யாரும் அங்கே இல்லை.

"துயென்! உயிரோட இருக்கியா! ஐயோ, என் தங்கமே..." ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற குரல். ஆனால் உடம்பு நாற்காலியை விட்டு எழவில்லை.

வின் அட்டையை நீட்டி, பொட்டலத்தையும் வண்டியையும் பற்றிக் கேட்டார். தங்கம் அந்த நிமிஷமே தகரமானது.

"ஓ... அப்ப சரி, மறைக்க வேண்டாம். சார், எனக்கு இவ மேல ரொம்ப நாளா சந்தேகம். இன்னைக்கு எனக்கு இவளே போன் போட்டு என்னென்னமோ உளறினா. பொட்டலமா? நான் எதையும் குடுக்கல. வண்டியா? கார்ல போய் வர்ற ஆளு நான். பைக்கைத் தொட்டே பத்து வருஷமாச்சு. காலைலேர்ந்து இந்த நாற்காலியை விட்டு நகரவே இல்ல."

"பத்து வருஷமா தொடலையா அக்கா?"

"தொடல! உன் பேட்ஜைக் கழட்டி மேஜை மேல வை. திருட்டு நாய்!"

துயென் பேட்ஜைக் கழற்றினாள். ஆறு வருஷச் சோறு அது. மேஜையில் வைத்தாள். லோவானின் காலருகே குனிந்து பார்த்தாள்.

வீல் என்று அலறினாள்.

"கரப்பான் பூச்சி! அக்கா, உங்க கால்ல!"

"அம்ம்ம்மா!"

லோவான் ஒரே தாவில் நாற்காலி மேல் ஏறினாள். சாயப் புட்டி பறந்தது. கேப்டன் வின்னுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தையத்தக்கா என்று ஆடினாள்.

கறுப்புப் பட்டு பேன்ட்.

அதன் பின்பக்கம் நடுவாந்திரமாக, வெள்ளை வெளேரென்று, இடம் வலம் மாறிய இரண்டு எண்கள்!

துயென் மேஜையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நேராகப் பிடித்தாள்.

"படிங்க சார்."

"நாற்பத்தி... ஏழு!"

"இந்த ஊர்ல துடைக்காம உட்கார்றது ரெண்டே பேர் சார். ஒண்ணு, வெளிநாட்டுக்காரங்க. இன்னொண்ணு, பத்து வருஷமா கார்லயே போய் பழக்கம் விட்டுப் போனவங்க!"

லோவான் ஆட்டத்தை நிறுத்தினாள். இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டாள். ரொம்ப லேட்!

வின் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தரையில் வாசலைப் பார்த்தபடி, தொப்பையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தது, வியாபாரம் செழிக்கக் கும்பிடும் குட்டி மண் தெய்வம். இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதன் பின்னால் கையை விட்டார்.

இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம்!

விலங்கு 'க்ளிக்' என்றது. சரியான கையில்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. லோவான் ஜாக்கெட்டை இடுப்பில் கட்ட முயன்றாள். விலங்கு விடவில்லை. தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

"தங்கச்சி," என்றார் வின். "என்னைக் காட்டிக் குடுத்ததும் சாக்பீஸ். அவங்களைக் காட்டிக் குடுத்ததும் சாக்பீஸ். தாம் சித்தப்பாவை எங்க டிபார்ட்மென்ட்ல சேத்துக்கலாம் போலிருக்கு."

துயென் பேட்ஜை எடுத்து மறுபடி குத்திக்கொண்டாள். ஜீப்பில் ஏறும் முன்னாள் முதலாளியின் பின்பக்கத்தை ஒரு தடவை ஆசை தீரப் பார்த்தாள்.

"பாவம் சார், உங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்..."

"என்ன வேலை?"

"ஜெயில்ல நம்பர் குடுப்பீங்கல்ல? அக்கா முன்கூட்டியே போட்டுக்கிட்டு வந்துட்டாங்க!"