இருபத்தொரு நிமிடம்

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு போனில் யாரையும் திட்டக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் யாரென்று நமக்கு எப்படித் தெரியும்?

டீனாவுக்கும் தெரியவில்லை...

நவம்பர் மழை சாந்தோம் நெடுஞ்சாலையைக் கழுவிக்கொண்டிருந்தது. மடியில் இருந்த துணிப்பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கியபடி பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் பூஜா. மத்திய இந்தியாவில் ஒரு தனியார் நிலக்கரிச் சுரங்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் கோயமுத்தூர்க்காரி.

"அந்த சாஃப்ட்வேர எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் பூஜா... முந்நூறு மீட்டர் கீழே, லைட் இல்லாம, ஒரே ஒரு மணி நேரம் உட்கார வெப்பேன். அப்ப தெரியும் அவனுக்கு."

பக்கத்தில் இருந்தவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். இடம் விடுகிறான் என்று நினைத்தாள். மழைத்துளி படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் ஒரு கணம் அவளைப் பார்த்தன. பெரிய கண்கள்... வகுப்பில் பேர் சொல்லி எழுப்பப்பட்டவனின் கண்கள். இவன் ஏன் இப்படிப் பார்க்கிறான் என்று அவள் யோசிப்பதற்குள் டிரைவர் திரும்பினார்.

"இன்னாம்மா, யாரையோ உள்ள தள்ளப் போறியா? அடையாறு வந்துகினே கீது, எறங்க ரெடியாயிரு."

காந்தி நகரில் இறங்கி நடந்தாள். அவனும் இறங்கினான். முதல் தெருவில் திரும்பினாள், அவனும் திரும்பினான். இரண்டாவது திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். எதற்காகப் பின்னாலேயே வருகிறீர்கள் என்று கேட்டாள்.

அவன் குடையைச் சற்று உயர்த்தி, எதிரே இருந்த மூன்று மாடிக் கட்டிடத்தைக் காட்டினான். ஆழ்நிலா சிஸ்டம்ஸ் என்று போர்டு. அவள் தேடி வந்த இடமும் அதுதான்.

"என் ஆபீஸ்..." என்றான். குரல் உள்ளே போயிருந்தது. "நீங்க போன்ல சொன்ன ஆளு... நான்தான்னு நினைக்கிறேன். பேரு தங்கவேல்."

அவளுக்குக் கோபம் ஒரு நொடி நின்றது. பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

வராமல் என்ன செய்யும்? பெண்களைச் சுரங்கத்துக்குள் இறங்கவிட்டதே சில வருடங்களுக்கு முன்புதான். அந்தச் சுரங்கத்தில் முதலில் இறங்கிய மூன்று பெண்களில் டீனாவும் ஒருத்தி. கீழே காற்று சரியாகப் போய் வருகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால், நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெல்ட் ஒரு உருளையில் உரசிப் புகைய ஆரம்பித்தது. நெருப்பு தெரியவில்லை, விஷவாயு மட்டும் பரவியது. அந்த இடத்தில் தனியாக இருந்தவர் கலீமுல்லா, பெல்ட் ஓட்டுபவர், ஐம்பத்திரண்டு வயது. அவர் ஹெல்மெட்டில் ஒரு டேக் இருந்தது. ஆள் எங்கே நிற்கிறார், சுற்றிலும் என்ன வாயு இருக்கிறது என்பதை மேலே இருக்கிற திரைக்குச் சொல்லும் டேக். பாதுகாப்பும் கூடும், உற்பத்தியும் கூடும் என்று படம் போட்டு விற்ற டேக். திரையில் கலீமுல்லா ஒரு பச்சைப் புள்ளியாகவே இருந்தார். புள்ளி சிவப்பானபோது அவர் விழுந்து கிடந்தார்.

டீனாதான் மீட்புக் குழுவோடு போய் அவரைத் தூக்கி வந்தாள். பிழைத்துவிட்டார். ஆனால் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. பெற்ற மகளின் பெயர் சில நாள் ஞாபகம் வருகிறது, சில நாள் வருவதில்லை.

நிர்வாகத்தின் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? அவர் டேக்கைக் கழற்றித் தூர வைத்திருந்தாராம். அலட்சியமாம். வேலையும் போகும், பேரும் போகும். அந்த டேக், சுரங்க விளக்குகளை வைக்கும் விளக்கறையில் உடைந்த சாமான்களோடு குப்பைக்குப் போகவிருந்தது. டீனா கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினாள். துணிப்பைக்குள் இருந்தது அதுதான்.

ஆழ்நிலாவின் இயக்குநர் மாணிக்கவாசகம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். டேக்கை உள்ளே அனுப்பி, பத்து நிமிடத்தில் திரும்ப வரவழைத்து, நினைவகம் காலி என்றார். படிப்பில்லாத ஆட்களிடம் நல்ல தொழில்நுட்பத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகிறது என்று வருத்தப்பட்டார். தங்கவேல் கதவோரம் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

காபியைத் தொடாமல், டேக்கை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். படியில் அவன் ஓடி வந்து பிடித்தான்.

"என் புரோகிராம்ல தப்பு இல்ல மேடம்," என்றான். அவனுக்கும் ரோஷம் வந்திருந்தது. "முப்பது செகண்ட்ல அலாரம் அடிச்சே ஆகணும். ரெண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினது. ஆளு கழட்டி வெச்சிருந்தா நான் என்ன பண்றது?"

டீனா ஒரு படி மேலே ஏறி அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அந்த டேக்க அவரு ஹெல்மெட்லேர்ந்து கழட்டினது நான். என் கையால. அவரு வாயில ஆக்ஸிஜன் மாட்டினப்புறம்."

அவள் மழையிலேயே நடந்து போனாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் இருந்து எடுத்தேன், மன்னிக்கணும் என்றான். டேக்குக்குள் இரண்டாவதாக ஒரு சின்ன நினைவகம் உண்டு, அது தனக்கு மட்டும்தான் தெரியும், ஆபீஸில் வைத்துப் படிக்க முடியாது, கோட்டூர்புரம் லைப்ரரி கேன்டீனுக்கு டேக்கோடு வர முடியுமா என்றான்.

போனாள். டேக்கை லேப்டாப்போடு இணைக்கும் கறுப்பு ஒயர் ஒன்றை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தானே செய்திருந்தான் போல. விரலில் பற்றவைத்தபோது பட்ட சூடு. அவள் அதைப் பார்ப்பது தெரிந்ததும் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனான். டேக்கில் இருந்ததெல்லாம் லேப்டாப்புக்குள் ஏற நேரமானது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவள்தான் ஆரம்பித்தாள்... இந்தக் காலத்தில் யார் தங்கவேல் என்று பேர் வைக்கிறார்கள்? அவன் சிரித்தான். திருநெல்வேலியில் இருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை போட்ட குடும்பம், தாத்தா பேர்.

"எவர்சில்வர் கடையில தங்கவேல்..."

"ஸ்கூல்ல இதவிட மோசமா கிண்டல் பண்ணியிருக்காங்க மேடம்."

"மேடம் வேணாம். டீனா."

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மழை சாய்வாகப் பெய்தது. அவன் சிரிக்கும்போது கண்கள் சுருங்கிக் கண்ணாடிக்குள் காணாமல் போவதை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள். எதற்கு வந்திருக்கிறோம், எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்...

அதற்குள் எண்கள் வந்துவிட்டன. பதினொன்று பத்துக்கு வாயு ஏறத் தொடங்கியிருந்தது. டேக் அதைப் பார்த்திருந்தது. ஒவ்வொரு நொடியும் குறித்து வைத்திருந்தது. அலாரம் அடித்த நேரம் பதினொன்று முப்பத்தொன்று.

இருபத்தொரு நிமிடம்.

தங்கவேலின் முகம் மாறியது. வேகமாக ஆபீஸின் மாற்றப் பதிவேட்டைத் திறந்தான், எதையோ தேடினான். பிறகு அவன் விரல்கள் நின்றன. அவன் எழுதிய முப்பது நொடி அங்கே இல்லை. ஆயிரத்து இருநூற்று அறுபது என்று இருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் யாரோ மாற்றியிருந்தார்கள். டீசல் வண்டிப் புகைக்கெல்லாம் அலாரம் அடித்து பெல்ட் நிற்கிறது, உற்பத்தி கெடுகிறது, நேரத்தைக் கூட்டுங்கள் என்று சுரங்க நிர்வாகம் கேட்டு, மாணிக்கவாசகம் உத்தரவு போட்டிருந்தார். அப்படி எதை மாற்றினாலும் ஒரு மூத்த பொறியாளரின் ஒப்புதல் வேண்டும்.

லேப்டாப்பை மூடியிருக்கலாம். ஒயரில் கோளாறு என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவன் திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினான். ஒப்புதல் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது.

"ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்... நாப்பது மாற்றம் மொத்தமா வந்துது. எல்லாத்துக்கும் ஓகே குடுத்தேன்."

"படிக்காமலேயா?"

"படிக்காமதான்."

முந்நூறு மீட்டர் கீழே ஒரு மனுஷன் இந்த டேக்கை நம்பித் தனியாக உட்கார்ந்திருக்கிறான். இங்கே ஒருவன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அவன் உயிருக்கு ஓகே கொடுக்கிறான். யாரோ ஒரு பாவி என்று நினைத்துத் திட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது... விரலில் சூடு பட்ட இவன்தான் அது என்றால்? டேக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவன் கூப்பிடவில்லை. ஆற்றுப் பாலத்து நடைபாதையில் மழை முகத்தில் அடித்தது. அவள் அழுதாள். கோபத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலையே எல்லாப் பதிவுகளையும் மெயிலில் அனுப்பிவிட்டான். கூடவே ஒரு சமாதானமும் எழுதவில்லை. அதற்கும் கோபம் வந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள், பதிவேட்டில் இருந்த முகவரியை வைத்து, சாந்தோமில் அவள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினான். திறந்தது அவள் அம்மா கிளாடிஸ். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் சுரங்கத்தை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்று தினமும் மாதாவிடம் வேண்டுகிறவர். டீனா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் கூடத்தில் நின்றபடியே கிளாடிஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். வியாழக்கிழமை சுரங்கப் பாதுகாப்புத் துறையின் விசாரணை, வீடியோவில். ஆபீஸில் இருந்து பேசவிட மாட்டார்கள். தவறு பழைய டேக் ஒன்றில் மட்டும் நடந்த தனிக் கோளாறு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். வீட்டில் அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீனா சாட்சி சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் சொல்ல அனுமதி வேண்டும்.

கிளாடிஸ் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"தப்பு போட்டுட்டு, அதுக்குக் கீழேயே தன் பேர எழுதிக்கிட்டு வந்து நிக்குற பையன நான் முப்பது வருஷத்துல ரெண்டு மூணு பேரத்தான் பாத்திருக்கேன் டீனா. வந்து பேசு. எனக்காக இல்ல, அந்த கலீமுல்லாவுக்காக."

டீனா வெளியே வந்தாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னாள்.

விசாரணை கிளாடிஸின் சாப்பாட்டு மேசையில் நடந்தது. திரையில் விசாரணை அதிகாரி, சுரங்கத்தின் வக்கீல், மாணிக்கவாசகம். டேக்கை டீனா நோண்டி எண்களை மாற்றியிருக்கலாம் என்றார் வக்கீல். அவளுக்குக் கொதித்தது. மேசைக்கடியில் முஷ்டியை இறுக்கிக்கொண்டு, டேக்கைக் கழற்றிய நேரத்தையும் கூட இருந்த நான்கு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாணிக்கவாசகம் வேறு வழியில் வந்தார். நேரத்தைக் கூட்ட ஒப்புதல் தந்தது தங்கவேல், நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

தங்கவேல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"ஒப்புதல் என்னோடதுதான் சார். படிக்காம போட்டேன். அது என் தப்பு, அத நான் எங்கயும் மறுக்க மாட்டேன். கேட்டது யாரு, உத்தரவு போட்டது யாருன்னு இந்த ரெண்டு மெயில்ல இருக்கு. இதே இருபத்தொரு நிமிஷம்தான் இன்னொரு சுரங்கத்துலயும் ஓடிட்டிருக்கு... அங்க எண்ணூறு பேரு. அத இன்னைக்கே மாத்தணும்."

இப்படிச் சொல்வதால் உங்கள் மேலேயும் நடவடிக்கை வரும், தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும் சார். டேக் கலீமுல்லா ஹெல்மெட்லதான் இருந்துது. அத எழுதிக்குங்க."

சமையலறை வாசலில் கிளாடிஸ் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவு வர பதினோரு நாள் ஆனது. அலட்சியம் என்ற வார்த்தை அறிக்கையில் இருந்து அடிக்கப்பட்டது. இரண்டு சுரங்கத்திலும் எல்லா டேக்கிலும் நேரம் முப்பது நொடிக்குத் திரும்பியது. நேரத்தைக் கூட்டச் சொன்ன மேலாளர் மீதும் ஆழ்நிலா மீதும் வழக்கு. தங்கவேல் இரண்டு வருடம் சுரங்க வேலை எதையும் தொடக்கூடாது. கலீமுல்லாவுக்கு நிர்வாகம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. அதைப் படித்துக்காட்டியபோது, ரொம்ப நேரம் கழித்து, நான் கழட்டலன்னு சொன்னேனே என்றாராம். அவர் மகள் போனில் சொல்லிவிட்டு அழுதாள். டீனாவுக்கு சந்தோஷப்படத் தெரியவில்லை. மன்னிப்பு வந்தது, மகளின் பெயர் அவருக்குத் திரும்பி வருமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்ப ரயில் ஏற வேண்டும். காலையில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாதா கோயில் மதிலோரம் அவன் நின்றுகொண்டிருந்தான். மழை விட்டிருந்தது. கடல் பக்கம் மீனவர் குப்பத்தில் யாரோ வலையை உதறிக் காயப்போட்டார்கள். கிளாடிஸ் அவனைப் பார்த்ததும், மெழுகுவத்தி வாங்க மறந்துவிட்டேன் என்று உள்ளே திரும்பிப் போனார்.

"ஒண்ணு சொல்லணும்..." என்றான். "சொல்ற தகுதி இருக்கான்னு தெரியல."

"என் கோபம் இன்னும் போகல தங்கவேல்."

"தெரியும்."

"போகவும் போகாது. எப்ப நினைச்சாலும் வரும்."

"வரட்டும். அது போயிடுச்சுன்னா நான் திரும்பப் படிக்காம கையெழுத்துப் போடுவேன்." கொஞ்சம் நிறுத்தினான். காதுமடல் சிவந்திருந்தது. "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு டீனா. என்னைத் திட்டினப்பவே... ஆட்டோவுலயே."

அவள் சிரிக்கக்கூடாது என்று நினைத்தாள். முடியவில்லை. அடுத்த நொடி கண் நிறைந்துவிட்டது. கோட்டூர்புரத்துப் பாலத்தில் அழுதது கோபத்தில் மட்டும் இல்லை என்று அவள் சொன்னாள்.

ஊருக்குப் போனதும் மெயில் எழுதட்டுமா என்று கேட்டான்.

"எழுத வேணாம். பேசுங்க. கீழே சிக்னல் கிடைக்காது. நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு மேலே வருவேன்... அப்ப கூப்பிடுங்க."

"தினமுமா?"

டீனா தலையில் இருந்த முக்காட்டை மெல்ல எடுத்து மடித்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் மேலே வர்ற எல்லா நாளும்."