ஈரக் கை

திங்கள்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்குத் தையல் மிஷினின் ஊசி துணிக்குள் பாதி இறங்கியபடியே நின்றுபோனது. படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த மின்பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாக அடங்கின. தைத்துக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது, தெருவிளக்கும் எரிந்தது. நம் வீட்டுக்கு மட்டும் என்ன கேடு என்று முணுமுணுத்தபடி எழுந்தவளை மாடியிலிருந்து வந்த அலாரம் ஓடவைத்தது.

மாடியறையில் இரும்புக் கட்டிலில் அப்பா. அவர் மூக்கில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்ஸிஜன் மிஷின். கரண்ட் இருக்கும்வரை அது புஸ் புஸ் என்று சமர்த்தாக மூச்சுவிடும், கரண்ட் போய்விட்டால் வீறிட ஆரம்பித்துவிடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தாள். அதைத் திருப்பிக் குழாயை மாட்டிவிட்டு, அவர் மூச்சுகளுக்கு நடுவே எண்ணினாள். வழக்கமாக நான்கு எண்ணுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். அன்று ஆறு ஆனது.

"பாப்பா, என்னாச்சு?" என்றார் அப்பா. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"ஒண்ணுமில்லப்பா. பெட்டியில ட்ரிப்பர் விழுந்து கரண்ட் போயிடுச்சு. படுங்க, வர்றேன்."

கீழே வந்து பியூஸ் அண்ணனுக்குப் போன் போட்டாள். தெருவுக்கே எலக்ட்ரீஷியன் அவர்தான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

"பதறாத தங்கச்சி. சின்ன சுவிட்சையெல்லாம் கீழ தள்ளு. பெரிசை, அந்த ட்ரிப்பரை, மேல தூக்கு. விழாம நின்னுச்சா? இப்ப ஒவ்வொண்ணா போட்டுட்டு வா. எதைப் போடும்போது விழுதோ அந்த லைன்லதான் கோளாறு."

பின்பக்கத்து மோட்டார் அறை லைனைத் தூக்கியதும் 'டக்'. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் போட்டாள். பத்து நிமிடம் கழித்து, ஏதோ தோன்றி அதையும் தூக்கினாள். விழாமல் நின்றது. மோட்டார் அறையில் போய்ப் பார்த்தபோது சுவிட்சின் மேல் நான்கைந்து சொட்டுத் தண்ணீர். மழை ஒழுகியிருக்கும் என்று துடைத்தாள். மழை பெய்து மூன்று நாள் ஆகிவிட்டது என்பது துடைத்த பிறகுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை, அதே ஆறு இருபது. இந்தமுறை சமையலறை லைன். புதன்கிழமை ஹால். இரண்டு நாளும் அந்த லைன் மட்டும் பத்து நிமிடம் எதற்கும் மசியாமல் அடம்பிடித்துவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விழாமல் நின்றது. இரண்டு நாளும் சுவிட்சில் ஈரம். ஹாலில் இருந்த ஈரத்தைத் துடைத்த விரலை மூக்கருகே கொண்டுபோனாள். துணி சோப்பு வாசனை. அவள் அன்று துணியே துவைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பியூஸ் அண்ணன் ஏணியோடு வந்து, ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டியாகக் கழற்றிப் பார்த்தார்.

"வயரெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஏண்ணே விழுது?"

"இந்த ட்ரிப்பருக்கு ஒரே வேலைதான். கரண்ட்டு வயரை விட்டு வேற வழியா தரைக்கு இறங்குச்சுன்னா உடனே விழணும். வயர் பிஞ்சிருக்கணும், இல்ல தண்ணி போயிருக்கணும். அதுவும் இல்லன்னா யாராவது தொட்டிருக்கணும்."

"நானும் அப்பாவும்தானே இருக்கோம். அவரு எழுந்திருக்கவே மாட்டாரு."

"மோட்டார் ரூம், சமையக்கட்டு, ஹாலு. அடுத்து படிக்கட்டு, அப்புறம் மாடி. நல்லா வழி தெரிஞ்ச கோளாறா இருக்கே!" அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று அப்பா கத்தாத நாள் கிடையாது. "தொட்டா கடிச்சிடுமா?" என்பாள் அம்மா. ஒருநாள் சாயங்காலம் ஆறு இருபதுக்குத் துணி அலசிக்கொண்டிருந்தவள் தொட்டியில் தண்ணீர் தீர்ந்ததும் கையைக்கூட உதறாமல் போய் மோட்டார்ப் பெட்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தாள். கடித்துவிட்டது. அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். அணைத்த பிறகும் பிடி விடவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவள் இவள்தான். முதலில் கட்டைவிரல் வந்தது. எப்போதோ கதவிடுக்கில் சிக்கி வெளிப்பக்கம் வளைந்துபோன சுண்டுவிரல் கடைசியில்தான் வந்தது. அடுத்த வாரமே பியூஸ் அண்ணன் இந்த ட்ரிப்பரைக் கொண்டுவந்து மாட்டினார். இது அன்றைக்கே இருந்திருந்தால் பட்டென்று விழுந்து கையைத் தட்டிவிட்டிருக்கும் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அப்பா படுத்தது அதற்குப் பிறகுதான்.

வியாழன் சாயங்காலம் அவள் டார்ச்சோடு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். 'டக்'. இருட்டு. மேலே அலாரம். தலைக்குமேல், படிக்கட்டு வளைவிலிருந்த சுவிட்சுப் பக்கம் டார்ச்சைத் திருப்பினாள். வெள்ளைப் பலகை முழுக்க ஒரு கையின் ஈர அச்சு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்நோக்கி வழிந்தது. நான்கு விரல்கள் நேராக இருந்தன. சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

பெற்ற தாய்க்கே பயப்படுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயந்தாள். எதிர்ச்சுவரோடு ஒட்டி அந்தப் பலகையைத் தாண்டி மாடிக்கு ஏறினாள். சிலிண்டரைத் திருப்பினால் காற்று ஒரு நிமிடம் சீறிவிட்டு நின்றது. தீர்ந்துவிட்டது. அப்பாவின் உதடு நீலம் பாரித்தது. மூச்சுகளுக்கு நடுவே ஒன்பதுவரை எண்ணினாள். கீழே ஓடி, படிக்கட்டு லைனை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் போட்ட பிறகுதான் மிஷின் ஓடியது.

புது சிலிண்டர் சனிக்கிழமை காலையில்தான் வரும் என்றார்கள் கடையில். அப்பாவைக் கீழே இறக்கலாமென்றால் குறுகல் படி. கட்டிலோடு தூக்க நான்கு ஆள் வேண்டும். வெளியூரிலிருந்த தம்பியும் சனிக்கிழமைதான் வருவான். நடுவில் ஒரே ஒரு சாயங்காலம். அது மாடி லைனின் முறை, மிஷின் ஓடுவதே அந்த லைனில்தான்.

வெள்ளி மதியம் பியூஸ் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அந்த ட்ரிப்பரைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடுங்கண்ணே."

"என்ன பேசற நீ? உங்கம்மா போன பிறகு மாட்டினது அது."

"இன்னைக்கு ஒரு நாள். இன்னொரு தடவை கரண்ட் போச்சுன்னா அப்பா தாங்க மாட்டாரு."

ஈர அச்சைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ராத்தூக்கம் இல்லாமல் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார். இருட்டு வரக்கூடாது, மிஷின் நிற்கக்கூடாது, அந்த இரண்டைத் தவிர அவளுக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அவர் வாய்க்குள் திட்டிக்கொண்டே ட்ரிப்பரைக் கழற்றி, வயரை நேராக இணைத்து, அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா மாட்டிடறேன். அதுவரைக்கும் ஈரக்கையோட எதையும் தொடாத."

ஆறு மணிக்கே மாடியறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. மிஷின் புஸ் புஸ் என்றது. அப்பா தூங்கினார், வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தின்மேல் கிடந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்ப முயன்று, ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அதன் சத்தம் தேய்ந்த பிறகு வீட்டுக்குள்ளிருந்த மற்ற சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. கடிகாரம். கீழே ஃபிரிட்ஜ். படிக்கட்டில், ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் இடைவெளிவிட்டு, ஈரப்பாதம் தரையில் பதிந்து எழும் சத்தம்.

ஆறு பத்தொன்பது.

ஆறு இருபது.

விளக்கு அணையவில்லை. மிஷின் நிற்கவில்லை. ஆறு இருபத்தொன்று. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்பாடா.

அப்போது துணி சோப்பு வாசனை வந்தது.

கதவு சாத்தியபடிதான் இருந்தது. அதை ஒட்டி உள்சுவரிலிருந்த சுவிட்சுப் பலகையில் ஐந்து ஈர விரல்கள் பளபளத்தன. 'டக்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இந்த ஒரு வாரமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தாளோ, அதற்காகவே காத்திருந்தாள். வரவில்லை. தினமும் அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது இப்போது பியூஸ் அண்ணனின் பைக்குள் கிடந்தது.

தரையில் ஒரு ஈரத்தடம். கட்டிலுக்கு இன்னும் அருகில் இன்னொன்று.

அப்பா கண்ணைத் திறந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. முகம் அப்படி மலர்ந்தது.

"வந்துட்டியா?" என்றார்.

அவர் மணிக்கட்டில் ஒரு குழி விழுந்தது. கட்டைவிரல் அளவுக்கு. பிறகு அதன் எதிர்ப்பக்கம் ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. கடைசியாக, கொஞ்சம் தள்ளி, வளைவாக ஒன்று. இரும்புச் சட்டம் ரீங்கரித்தது. அப்பாவின் உடம்பு விறைத்தது.

"பாப்பா... கையை விடச் சொல்லு."

அவள் கையை நீட்டினாள். தொடும் முன்பே மயிர்க்கால்கள் குத்திட்டன. விரல்நுனி சுரீர் என்றது. மெயின். மெயினை அணைக்க வேண்டும். கதவைத் திறந்தாள், ஓடினாள், இரண்டிரண்டு படியாக இறங்கினாள். மெயினைக் கீழே இழுத்தாள்.

இருட்டு. மேலே அலாரம் வீறிட்டது.

"அப்பா! விட்டுடுச்சா?"

அலாரத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது, "இல்ல பாப்பா. இன்னும் விடலயே."

அன்றைக்கும் விடவில்லை. மெயினை அணைத்த பிறகும் விடவில்லை. விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மறுபடி ஏறினாள். இடுப்பில் செல்போன் இருந்தது. அதன் விளக்கைப் போட மனம் வரவில்லை. பார்ப்பதைவிடத் தொடுவது மேல். கட்டில் தட்டுப்பட்டது. அப்பாவின் கை தட்டுப்பட்டது. அதன்மேல், ஐஸைப்போலச் சில்லென்று, இன்னொரு கை.

"அம்மா, விடும்மா. அவருக்கு மூச்சு முட்டுதும்மா."

கட்டைவிரலைப் பிரித்தாள். வந்தது. ஆள்காட்டி விரல். நடுவிரல். அப்பாவின் மூச்சு ஒன்று போனது. எண்ணினாள். நான்கு, ஐந்து. மோதிர விரல். ஏழு. அடுத்த மூச்சு வந்தது, கிழிசல் சத்தத்தோடு. கடைசியாக அந்தச் சுண்டுவிரல். நெம்பினாள். வந்துவிட்டது. அப்பாவின் கை மெத்தையில் தொப்பென்று விழுந்தது.

உடனே கீழே ஓட வேண்டும். மெயினைப் போட வேண்டும். மிஷின் ஓட வேண்டும். திரும்பினாள்.

திரும்ப முடியவில்லை. அவள் மணிக்கட்டில் முதலில் கட்டைவிரல் அழுந்தியது. பிறகு மற்றவை. சுண்டுவிரல் கடைசியாக.

இழுத்தாள். கட்டிலே நகர்ந்தது, பிடி நகரவில்லை. அலாரம் அலறியது. துணி சோப்பு வாசனை முகத்துக்கு நேரே வந்து நின்றது. இருட்டில் அப்பாவின் மூச்சு ஒன்று போனது. அவள் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள்.

ஐந்து. ஆறு.

ஒன்பது.

பத்து.

பதினொன்று.