ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கியவர்கள்

மலையடிவாரத்து செக்போஸ்ட்டை அவர்கள் அடைந்தபோது நண்பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி, மேலே போகும் சாலையைச் சில அடிகளுக்கு அப்பால் துடைத்தெடுத்திருந்தது. பஸ்களை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மலை உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுடைய ஒரே மகள் கிடக்கிறாள். விடுதி மாடிப்படியில் உருண்டு விழுந்தவளுக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. ஆபரேஷனுக்குத் தேவையான அந்த அரிய வகை ரத்தம் அங்கே இல்லை. அக்காவின் உடம்பில்தான் இருக்கிறது.

பைக்கை ஓட்டியவன் தம்பி. வெறும் தம்பி அல்ல. பாதுகாப்பான இருசக்கரப் பயணக் கூட்டமைப்பின் துணைச் செயலாளர். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. உறுப்பினர்கள்தான் இன்னும் சேரவில்லை. முதுகில் முத்திரை பதித்த மஞ்சள் கோட்டு இல்லாமல் அவன் தெருமுனைக்கடைக்குக்கூடப் போனதில்லை. மாமாவின் பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடுங்கி, "அவசரக்கார கார்காரனோட மல்லுக்கு நிக்காதீங்க. ஹாரன் அடிச்சா ஒதுங்கி வழி விடுங்க. கௌரவமும் போகாது, உயிரும் போகாது" என்று முழங்கியவன். மாமா மாலையோடு நின்றுகொண்டே கேட்க வேண்டியிருந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோக்கா. பின்னாடி உக்கார்றவங்களோட பொறுப்பு என்னன்னா..."

"மைக் இல்லாமலே ஓட்டுடா, செயலாளரே."

"துணைச் செயலாளர்" என்று திருத்திவிட்டுக் கிளம்பினான்.

ஈர இலை அழுகும் வாசனை. என்ஜின் சத்தத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது பனி. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் வெள்ளையாக ஒன்றுமில்லாமை.

முதல் வளைவு தாண்டியதும் பின்னால் ஹாரன் அடித்தது. பொறுமையில்லாத, நீளமான ஹாரன். கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் ஊறியது.

தம்பி இலக்கணப்படி இண்டிகேட்டர் போட்டான், வேகம் குறைத்தான், ஓரம் கட்டினான். "போங்க சார்" என்று கையைக்கூட அசைத்தான்.

எதுவும் போகவில்லை.

"திரும்பிப் போயிட்டான் போல."

அந்தச் சாலையில் ஆட்டுக்குட்டிகூடத் திரும்ப முடியாது. 

மறுபடியும் ஹாரன். இப்போது முதுகுக்கு வெகு அருகில். தம்பி அவசரமாக ஒதுங்கி நிறுத்தினான். அக்கா காலை ஊன்றினாள்.

ஊன்ற நிலம் இல்லை.

செருப்பு கழன்று விழுந்தது. அது எங்கேயோ போய்ச் சேர்ந்த சத்தம் வரவே இல்லை.

"அசையாதே" என்று கிசுகிசுத்தாள். குனிந்து பார்த்தாள். ஓரத்துச் சேற்றில் பைக் சக்கரத் தடங்கள். காய்ந்தவை, புதியவை, ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் சாலையிலிருந்து ஓரத்துக்குப் போயிருந்தன.

திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

பின்னால் கார் எதுவும் இல்லை. துணைச் செயலாளர் வாழ்க்கையில் முதல் தடவையாக இண்டிகேட்டர் போட மறந்தார். பைக்கை மெல்ல நடுச்சாலைக்கு ஏற்றி நகர்த்தினான்.

உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது மூன்றாவது தடவை கேட்டது.

"நடுவுலயே போ."

"நிஜமான காரா இருந்தா? இடிச்சுத் தள்ளிருவான்க்கா."

"நடுவுலயே போடா. நான் விழுந்தா என் ரத்தமும் போச்சு. அவளுக்கு வேற யாரு இருக்கா?"

ஹாரன் விடாமல் அலறியது. வெளிச்சம் அவர்கள் நிழலை முன்னால் பனியில் நட்டுவைத்தது. கருகிய ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குச் சரியத் தொடங்கியது.

"டேய்!"

"நான் திருப்பலக்கா..." அவன் அழுதுகொண்டிருந்தான். "கை தானாப் போகுது."

அக்கா அவன் தோளுக்கு மேல் பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். முழு பலத்தோடு நடுவுக்கு இழுத்தாள். இழுத்தபடியே, மகளின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள், ஆஸ்பத்திரி முகப்பு விளக்கு தெரியும்வரை.

பின்னாலேயே ஒரு கார் வந்து கிரீச்சிட்டு நின்றது. நிஜக் கார். அதிலிருந்து சிவந்த முகத்தோடு இறங்கியவர் அறுவை சிகிச்சை நிபுணர்.

"மனுஷங்களா நீங்க? ஆபரேஷனுக்குப் போற டாக்டருக்கு வழி விடத் தெரியாதா?" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

அக்காவும் ரத்தம் கொடுக்க ஓடினாள். தன் மகளுக்கான டாக்டரைத்தான் தடுத்து வைத்திருந்தோம் என்ற நினைப்பில் ஊசி ஏறியதுகூடத் தெரியவில்லை.

மாலையில் டாக்டர் வெளியே வந்தார். பொன்னாடையை எதிர்பார்ப்பவர் போல நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு பிழைச்சுக்கிட்டா. அது என் கைராசி. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். உங்க கூட வந்த மத்த பைக்காரங்களுக்கு இருந்த மரியாதை உங்களுக்கு இல்ல."

"மத்த பைக்கா?" என்றான் தம்பி.

"எனக்கும் உங்களுக்கும் நடுவுல வரிசையா வந்தாங்களே. லைட்கூடப் போடாம. ஹாரன் அடிச்சதும் ஒவ்வொருத்தரா எவ்வளவு பணிவா ஓரம் போனாங்க! நீங்க மட்டும்..."

தம்பி மஞ்சள் கோட்டைக் கழற்றி, முத்திரை உள்ளே போகும்படி மடித்தான்.

அக்கா மகளின் அறைக்குள் போனாள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. சன்னமான மூச்சு. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் திறக்காமலே மகள் மெல்ல நகர்ந்தாள். கட்டில் ஓரத்துக்கு.

அக்கா அவளை நடுவுக்கு இழுத்தாள். மறுபடியும் நகர்ந்தாள். ஒரு கால் விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

"என்ன கண்ணு? எங்க போறே?"

"பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்கம்மா" என்றாள் மகள். "வழி விடணும்."

அக்கா கட்டிலில் ஏறி இரண்டு கைகளாலும் அவளை இறுக்கிக்கொண்டாள். தலைமாட்டில் ஜன்னல் கிடையாது, வெறும் சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து மஞ்சள் வெளிச்சம் ஊறி வந்து, எதிர்ச்சுவரில் அவர்கள் இருவரின் நிழலையும் நட்டுவைத்தது.