மூச்சைப் பிடிச்சுக்கோங்க

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள் தங்கை. அங்கே ஸ்கேன் எடுப்பது ஆறு வருடமாக அவள் வேலை. படி இறங்க இறங்க வெயில் கழன்று விழுந்தது. ஸ்பிரிட் வாசனையும் சூடேறிய ஒயர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. பின்னாலேயே அப்பா வந்தார். பாத்திரக்கடைக்காரர், தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். சுவரைக்கூட ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு இருபத்தாறு வயது. மூன்று மாதமாக வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம்.

"தொப்பைதான் குள்ளச்சி. ஒரு பக்கமா மட்டும் வந்திருக்கு. இன்னொரு பக்கம் பின்னாடி வரும்."

"வாயை மூடிட்டுப் படுண்ணா."

ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். அந்தச் சுத்தத்தைத்தான் அவள் நம்பவில்லை. போன வருடம் இன்னொருத்திக்கும் இப்படித்தான் சுத்தமாக வந்தது.

அந்த இன்னொருத்தி இதே அறையில், வேலையில் அவளுக்கு மூத்தவள். அதட்டல் அக்கா என்றுதான் ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். ஸ்கேன் மெஷின் நோயாளியிடம் பேசுமே, அது அக்காவின் குரலில்தான் பேசியது. "மூச்சை இழுங்க. பிடிச்சுக்கோங்க. விடலாம்." மூன்றே வாக்கியம். அந்த அதட்டலுக்கு அடங்காத நுரையீரல் கிடையாது. அக்கா போன மறுநாள், கேட்கிறவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு அழுகிறார்கள் என்று இன்ஜினியர் அதை அழித்துவிட்டு ஏதோ ஓர் ஆண் குரலைப் போட்டுவிட்டுப் போனார்.

அக்காவைக் கொன்றது கல்லீரலில் வந்த கட்டி. காரணமில்லாமல் எடை இறங்கி, வலியும் தாங்காமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இதே மேஜையில் தானே ஏறிப் படுத்தாள். எடுத்தது தங்கை. கல்லீரல் என்றால் நரம்பில் சாயம் ஏற்றியதும் இரண்டு சுற்றுப் படம். பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்து மூன்றாவது சுற்று. அன்று வெளியே முறைக்காகப் பத்தொன்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதை அவள் விட்டுவிட்டாள். கட்டியின் நடுவில் நட்சத்திரம் போல ஒரு தழும்பு தெரிந்தது. சாதுவான கட்டியிலும் அப்படி இருக்கும். 'ஒண்ணுமில்லை' என்றார் ஸ்கேன் டாக்டர். ஆஸ்பத்திரியில் அந்தச் சரக்குக்கு இருக்கிற கிராக்கி வேறு எதற்கும் இல்லை; யாரும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

"கடைசிப் படம் எடுத்தியாடி?" என்று இறங்கும்போது அக்கா கேட்டாள்.

"எடுத்துட்டேன்க்கா."

பதினோரு மாதம். அவ்வளவுதான் அந்தப் பொய் அக்காவுக்குக் கொடுத்த ஆயுசு.

இன்று ஆண் குரல் சொல்லச் சொல்ல அண்ணன் மூச்சை இழுத்தான், பிடித்தான், விட்டான். இரண்டு சுற்று முடிந்தது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் அவளோடு உட்கார்ந்திருந்த ஸ்கேன் டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். கைமுஷ்டி அளவுக் கட்டி. நடுவில் நட்சத்திரம்.

"சாதுதாம்மா. ஒண்ணுமில்லை. அனுப்பிடு, பசிக்குது."

மூன்றாவது சுற்று எடுக்கலாமா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லைக் கையில் வாங்கியவளுக்கு அதைத் திருப்பித் தர மனம் வரவில்லை. ஊசியைக் கழற்ற எழுந்தாள்.

திரையின் மூலையில் கடிகாரம் ஐந்து நிமிடத்தைத் தொட்டது.

"மூச்சை இழுங்க."

பெண் குரல்.

அண்ணனின் மார்பு மேலே ஏறியது.

"பிடிச்சுக்கோங்க."

மேஜை தானாக மெஷினின் வளையத்துக்குள் நகர்ந்தது. அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து மருந்துக் களிம்பும் நாள்பட்ட வாடலும் கலந்த வாசனை வந்தது. அக்காவின் கடைசி வாரங்களில் அவள் அறையில் இருந்த அதே வாசனை.

முப்பது விநாடி. ஒரு நிமிடம்.

ஏறிய மார்பு இறங்கவில்லை.

கதவை இழுத்தாள். வரவில்லை. டாக்டரும் சேர்ந்து இழுத்தார். கண்ணாடி வழியே அண்ணனின் கால்கள் உதறுவது தெரிந்தது. நகங்கள் நீலம்.

"அக்கா, விட்டுடுக்கா. அவன் என் அண்ணன்க்கா."

வளையம் சுற்றியது.

"பொய் சொன்னேன்க்கா!" கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அலறினாள். "எடுக்கலை. அன்னிக்கு உனக்குக் கடைசிப் படம் எடுக்கவே இல்லை!"

வளையம் நின்றது.

"விடலாம்."

அண்ணன் இருமி இருமி மூச்சு விட்டான். கதவு திறந்துகொண்டது. திரையில் மூன்றாவது சுற்று முழுசாக இருந்தது. சாதுவான கட்டி என்றால் இந்நேரம் தழும்புக்குள் சாயம் இறங்கி வெளுத்திருக்க வேண்டும். நட்சத்திரம் கரிக்கட்டையாக இருந்தது.

ஸ்கேன் டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்ததில் உறுதியானது: நல்ல கல்லீரலிலேயே இளவயதில் வரும் அரிய வகைப் புற்றுநோய். மருந்துக்கு அவ்வளவாக மசியாது, வெட்டி எடுப்பதுதான் வழி என்றார் சர்ஜன். கல்லீரலில் அறுபது சதவீதம் போகும், மிச்சம் வளர்ந்துகொள்ளும்.

அப்பாவுக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான்.

"அறுபது ரொம்ப ஜாஸ்தி டாக்டர். நாற்பதுல முடிங்களேன்."

"இது பேரம் பேசுற விஷயமில்லை பெரியவரே."

"சரி, அம்பது. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்." சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது. "எங்கிட்டேர்ந்து எவ்வளவு வேணாலும் எடுத்துக்குங்க. அவன்கிட்ட கொஞ்சம் விட்டு வைங்க."

சர்ஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குறைக்கவில்லை.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம். வெளியே வந்த சர்ஜன் முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தங்கையைத் தனியாக அழைத்தார்.

"கட்டி வந்துடுச்சு. ஓரமெல்லாம் சுத்தம். பக்கத்து நெறிக்கட்டியும் எடுத்தாச்சு." குரலைத் தாழ்த்தினார். "உங்க டிபார்ட்மென்ட்லேர்ந்து யாராவது உள்ளே வந்தாங்களாம்மா?"

"இல்லையே சார்."

"தைக்கப் போறேன். காதுகிட்ட ஒரு பொம்பளை, 'இன்னும் ஒண்ணு இருக்கு'ன்னு அதட்டுறா. திரும்பிப் பார்த்தா யாருமில்லை. மிச்சம் வைக்கிற பக்கத்துல அல்ட்ராசவுண்டை மறுபடி ஓட்டினேன். பட்டாணி சைஸ்ல இன்னொண்ணு." கைகளை வெறித்தார். "விட்டிருந்தா ஆறு மாசம்கூடத் தாங்காது."

அண்ணன் பிழைத்தான். பிழைத்தான் என்று உரக்கச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. திரும்பி வரக்கூடிய நோய். மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேன். ராத்திரி அவன் இருமினால் அப்பாவும் தங்கையும் எழுந்து உட்கார்ந்தார்கள். "செத்தா சொல்லியனுப்புறேன், போய்த் தூங்குங்க," என்பான் அவன்.

தங்கை தன் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்தில் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை வேலையில் இரு என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை. நோயாளிகள் இன்னும் வரவில்லை. மெஷினைச் சூடேற்ற ஸ்விட்சைப் போட்டாள். திரையில் புது நோயாளிக்கான பக்கம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது.

பெயர், அவளுடையது. வயது சரி. எடுக்க வேண்டிய பகுதி: கல்லீரல். சுற்று: மூன்று.

எடை: நாற்பத்தாறு.

தப்பு. அவள் ஐம்பத்திரண்டு. வருடக்கணக்காக ஐம்பத்திரண்டு.

படியேறி மேல்தளத்துக்கு ஓடினாள். வார்டின் ஓரத்தில் இருந்த எடை மெஷினில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். முள் ஆடியது, ஆடியது, நின்றது.

நாற்பத்தாறு.